காணாமையும் இன்மையும்

(திருக்கோயில் பெருவிழாவின் ஐந்தாம் நாள் மாலை நிகழ்ந்த சொற்பொழிவு)

 

திருவீதி உலா முடிந்து சுவாமி யதாஸ்தானம் சேர்ந்த பிறகும் இவ்வளவு பேர் பொறுமையோடு அமர்ந்திருக்கிறீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்டுள்ள பொருள் சிலருக்கு வியப்பைத் தரலாம். மற்ற உலகங்களில் உயிர் உண்டா, உண்டெனில் அதைக் கண்டால் நாம் உயிர் என்று அறிந்துகொள்வோமா என்பதே அது. கோயில் மேடைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்களாயின், இப்பொருளை எனக்குக் கொடுத்தவனே இக்கோயில் மேடையின் முன்னே அமர்ந்திருந்த ஒரு சிறுவன்தான் என்று விடை சொல்வேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே விழாவில் பேசும் பேறு எனக்குக் கிட்டியது. அன்று மானிடப் பிறவியின் அருமையைப் பற்றிப் பேசினேன். பேச்சின் விரைவில், "செவ்வாய்க் கிரகத்துக்குக் கலம் அனுப்பிச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள், அங்கே உயிர் இல்லை என்பது உறுதியாகிவிட்டது, ஆகவே உயிர் வாழ்வதற்கென்று அமைந்தது இந்தப் பூமி ஒன்றே" என்று சொன்னேன். கைதட்டலும் கிடைத்தது. கூட்டம் கலைந்தபின் எட்டாம் வகுப்பு படிக்கும் சிறுவன் ஒருவன் என்னிடம் வந்தான். "ஐயா, ஒன்று கேட்கலாமா?" என்றான். "கேள் தம்பி" என்றேன். "அங்கே உயிர் இல்லை என்று கண்டுபிடித்தார்களா, அல்லது உயிரைக் கண்டுபிடிக்கவில்லையா?" என்றான்.

நான் வாயடைத்து நின்றேன். இரண்டும் ஒன்றுதானே என்று சொல்ல நா எழுந்தது. ஆயின் மனம் இடம் கொடுக்கவில்லை. "பார்த்துச் சொல்கிறேன் தம்பி" என்று கூறி அனுப்பிவிட்டேன். அளவை நூலைப் பாடம் கேட்டவன் நான். ஒரு சிறுவன் நினைவூட்டும் வரையில் அந்தப் பாடத்தை மேடையில் மறந்திருந்தேன். அன்று சொன்னதைத் திருத்திக்கொள்ளவே இன்று வந்திருக்கிறேன்.

அன்பர்களே, அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞான சித்தியார், பொருளை அறியும் கருவிகளாகிய அளவைகளைப் பற்றிப் பேசித்தான் தொடங்குகிறது. ஒன்றை எப்படி அறிகிறோம் என்பது தெளிந்த பின்னரே எதை அறிகிறோம் என்று பேசத் தகும் என்பது நம் ஆசிரியர்கள் கண்ட முறை. பலர் பலவாறு எண்ணும் அளவைகளைக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் அவர்கள் அடக்கினார்கள். அவ்வாறு அடங்குவனவற்றுள் ஒன்று அபாவம், அதாவது இன்மையை அறியும் அளவை. "இந்த அறையில் குடம் இல்லை" என்று சொல்கிறோம். எப்படிச் சொல்கிறோம்? பார்த்தோம், குடத்தைக் காணவில்லை, ஆகவே இல்லை என்கிறோம்.

இதிலே தருக்க நூலார் ஒரு தடை விதித்தார்கள். காணாமை எல்லாம் இன்மை ஆகாது. காணத்தக்க பொருள் காணப்படாதபோதுதான் அது இல்லை என்று துணியலாம் என்றார்கள். இதை மூன்றாகப் பிரித்துப் பார்ப்போம். முதலாவது, அறையில் விளக்கு எரிய வேண்டும். இருட்டில் தேடிவிட்டுக் குடம் இல்லை என்பது பேதைமை. இரண்டாவது, தேடுகிறவனுக்குக் குடம் இன்னது என்று தெரிந்திருக்க வேண்டும். பித்தளைக் குடத்தை மட்டுமே அறிந்தவன் மட்குடத்தின்மேல் கால் இடறிக்கொண்டே "குடம் இல்லை" என்பான். மூன்றாவது, அந்தப் பொருள் கண்ணுக்குப் புலப்படும் தன்மையுடையதாக இருக்க வேண்டும். அறையில் காற்று இருக்கிறது, கண் அதைக் காண்பதில்லை. இம்மூன்றும் அமைந்தால் அல்லாமல் "இல்லை" என்ற சொல்லை வாயினின்று விடக்கூடாது. இந்த மூன்று விதிகளையும் கையிலே வைத்துக்கொண்டு செவ்வாய்க்குப் போவோம்.

1976ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் அமெரிக்கர் அனுப்பிய வைக்கிங் 1 என்னும் கலம் செவ்வாயில் இறங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் வைக்கிங் 2 மற்றோரிடத்தில் இறங்கியது. உயிர் இருக்கிறதா என்று தேடுவதற்காகவே மூன்று சோதனைகளை அவை சுமந்து சென்றன. அவற்றுள் ஒன்று, ஒருபிடி மண்ணை அள்ளி, அதன்மேல் சில துளி ஊட்டநீரைத் தெளிப்பது. அந்நீரில் கதிரியக்கமுள்ள கரிமம் கலந்திருந்தது. மண்ணில் நுண்ணுயிர் இருந்தால் அது ஊட்டத்தை உண்டு மூச்சு விடும்; அம்மூச்சில் அந்தக் கரிமம் வெளிப்படும். அவ்வாறே வெளிப்பட்டது! அதே மண்ணை முன்கூட்டியே 160 பாகை செல்சியசு அளவுக்குச் சுட்டுவிட்டு, மீண்டும் ஊட்டநீரைத் தெளித்தார்கள். இப்போது வெளிப்படவில்லை. சூட்டினால் உயிர் மாண்டது போன்ற தோற்றம். உயிர் உண்டு என்று கொள்வதற்குப் புறப்படுமுன் வகுத்துக்கொண்ட விதிக்கு இது பொருந்தியது.

ஆயின் அக்கலத்திலேயே மற்றொரு கருவி இருந்தது. மண்ணைச் சிற்றுலையில் இட்டு 500 பாகை வரை சுட்டு, உயிர்ப்பொருளுக்கு அடிப்படையான கரிமச் சேர்மங்கள் ஆவியாக வருகின்றனவா என்று பார்க்கும் கருவி அது. குளோரின் கலந்த சில எளிய சேர்மங்கள் சிறிதளவு வந்தன. அவை கலத்தைத் தூய்மை செய்த திரவத்தின் எச்சம் என்று தள்ளினார்கள். "கரிமச் சேர்மமே இல்லாத இடத்தில் உயிர் எங்கிருந்து வரும்? முதற் சோதனையில் கண்டது மண்ணின் இரசாயன விளைவே" என்று அறிஞர்களிற் பெரும்பாலோர் முடிவு செய்தனர். நான் மேடையில் சொன்ன "உறுதி" இதுவே.

முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2008ஆம் ஆண்டில் பீனிக்ஸ் என்னும் கலம் செவ்வாயின் வடதுருவப் பகுதியருகே இறங்கி மண்ணைச் சோதித்தது. அம்மண்ணில் பெர்குளோரேட் என்னும் உப்பு இருக்கக் கண்டார்கள். வாணவெடியில் இடும் உப்புகளுள் இதுவும் ஒன்று. குளிர்ந்திருக்கும்போது வாளா கிடக்கும். சுட்டால் பிராணவாயுவைக் கக்கி அருகிலுள்ள கரிமப் பொருளை எரித்துவிடும். எரித்தபின் குளோரின் கலந்த எளிய சேர்மங்களை விட்டுவைக்கும். எண்ணிப் பாருங்கள். வைக்கிங் எந்தப் பொருளைத் தேடிற்றோ அந்தப் பொருளை, தேடும் செயலாலேயே எரித்திருக்கக்கூடும். குடத்தைத் தேட ஏற்றிய விளக்கே குடத்தைச் சுட்டுச் சாம்பலாக்கியது போன்ற கதை இது. பிற்காலத்தில் சென்ற கியூரியாசிட்டி என்னும் ஊர்தி செவ்வாயின் பழைய படிவப் பாறையில் கரிமச் சேர்மங்களைக் கண்டது. அச்செய்தி 2018ஆம் ஆண்டில் விரிவாக வெளிவந்தது.

இதனால் செவ்வாயில் உயிர் உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. கரிமச் சேர்மம் வேறு, உயிர் வேறு. அந்த மூச்சுச் சோதனையை அமைத்த கில்பர்ட் லெவின் என்பார், தாம் கண்டது உயிரே என்று 2021ஆம் ஆண்டில் மறையும் வரையில் வாதிட்டார். அறிஞருலகிற் பெரும்பகுதி அவரோடு உடன்படவில்லை. ஆயினும் என் வாக்கில் இருந்த பிழை பிழையே. விளக்குச் சரியாக எரிந்ததா என்று பாராமலே "இல்லை" என்றேன். அந்தச் சிறுவன் கேட்டது நேரான கேள்வி.

அடுத்தது இரண்டாம் விதி. தேடுகிறவனுக்குத் தேடும் பொருள் இன்னது என்று தெரிந்திருக்க வேண்டும். இதற்கு விண்ணுலகம் போக வேண்டியதில்லை.

1992ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிராட்போர்டு நகரில் நுரையீரல் காய்ச்சலுக்குக் காரணம் தேடியவர்கள், ஒரு கட்டடத்தின் குளிர்விப்புக் கோபுரத்து நீரை எடுத்துச் சோதித்தார்கள். அந்நீரில் இருந்த அமீபாக்களுக்குள்ளே உருண்டையான ஒரு நுண்ணுயிரைக் கண்டார்கள். சாதாரண உருப்பெருக்கியிலேயே தெரியும் அளவு பெரியது. பாக்டீரியாவுக்கு இடும் சாயமும் ஏறியது. எனவே பாக்டீரியா என்று பெயர் எழுதிக் குளிர்பெட்டியில் வைத்தார்கள். வைரஸ் என்பது அத்தனை பெரியதாக இராது என்பது அக்காலத்து நம்பிக்கை. பிறகு பிரான்சு நாட்டிலே அதை நுணுகி ஆராய்ந்தபோது அது பாக்டீரியாவே அன்று, மாபெரும் வைரஸ் என்று தெரிந்தது. அச்செய்தி வெளியானது 2003ஆம் ஆண்டில். பதினோர் ஆண்டுகள் கண்ணெதிரே இருந்தது, கண்டும் இருந்தார்கள், ஆயினும் அது இன்னது என்று அறியவில்லை. நுண்ணுயிரைப் போல நடித்தமையால் அதற்கு மிமிவைரஸ் என்று பெயரிட்டார்கள்.

இதினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. நம் ஊர்களில் சாண எரிவாயுக் கலன் வைத்திருக்கிறார்கள். சாணத்தைக் கரைத்துக் காற்றுப் புகாமல் மூடி வைத்தால் எரியும் வாயு வருகிறது. அவ்வாயுவை உண்டாக்குவன கண்ணுக்குத் தெரியாத சில உயிர்கள். பசுவின் வயிற்றிலும் அவை வாழ்கின்றன. நெடுங்காலமாக அவற்றைப் பாக்டீரியாவில் ஒரு வகை என்றே எண்ணியிருந்தனர். 1977ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கார்ல் வோஸ் என்பாரும் ஜார்ஜ் பாக்ஸ் என்பாரும் அவற்றின் உள்ளமைப்பை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்து, இவை பாக்டீரியா அல்ல, உயிர்க்குலத்தின் தனிப்பெருங் கிளை என்று காட்டினர். ஆர்க்கியா என்று இன்று வழங்குவது அக்கிளையே. முதலில் பலர் நம்ப மறுத்தனர், பின்னர் ஏற்றனர். மெய்யன்பர்களே, நம் மாட்டுத் தொழுவத்திலேயே உயிர்களின் ஒரு முழுப் பேரினம் இத்தனை காலம் இருந்தது, நமக்குத் தெரியவில்லை. கோடிக்கணக்கான காதத்துக்கு அப்பால் உள்ள உயிரைப் பார்த்தவுடன் தெரிந்துகொள்வோம் என்று எந்த முகத்தோடு சொல்வது?

மூன்றாம் விதிக்கு வருவோம். பொருள் நாம் எதிர்பார்க்கும் இடத்தில், நம் புலனுக்கு எட்டும் தன்மையில் இருக்க வேண்டும்.

அதே 1977ஆம் ஆண்டில் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே, பசிபிக் கடலில் ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில், ஆல்வின் என்னும் நீர்மூழ்கியில் சிலர் இறங்கினர். அவர்கள் நிலவியலார், கடலடியிலிருந்து வெந்நீர் ஊற்று எழுகிறதா என்று பார்க்கப் போனவர்கள். வெயில் அறவே புகாத அவ்விருளில் உயிர்க்கூட்டம் இருக்கும் என்று எவரும் எண்ணவில்லை. ஆகவே உயிரியலார் எவரும் உடன் செல்லவில்லை. போய்ப் பார்த்தால், ஊற்றைச் சுற்றிச் சிப்பிகளும் நண்டுகளும் ஆளுயரப் புழுக்களும் செழித்திருந்தன. அப்புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. உண்ணாமல் எப்படி வாழ்கிறது?

அதன் விடையும் ஒரு மாணவியிடமிருந்தே வந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அப்புழுவைப் பற்றிய விரிவுரை நடந்தபோது, அதன் உடலில் கந்தகப் படிகம் உண்டு என்று சொல்லக் கேட்ட கொலீன் கவனா என்னும் மாணவி எழுந்து, அதன் உள்ளே கந்தகத்தை எரித்து உணவாக்கும் பாக்டீரியா இருக்க வேண்டும் என்றார். 1981ஆம் ஆண்டில் அவர் அதை ஆராய்ந்து வெளியிட்டார். அவர் சொன்னது மெய்யாயிற்று. உயிருக்கெல்லாம் கதிரவனே அடிப்படை என்ற எண்ணத்தில் ஒரு பெரிய விலக்கு அன்று காணப்பட்டது. கேள்வி கேட்கும் இளையோரை அதட்டி உட்கார வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதை நாம் விட்டுவிடுதல் நல்லது.

இடம் மட்டுமன்று, காலமும் நம் கண்ணை மறைக்கிறது. தொட்டாற்சுருங்கி தொட்டவுடன் சுருங்குவதால் அதற்கு உணர்வு உண்டு என்று குழந்தையும் சொல்லும். தொழுகண்ணியின் சிற்றிலைகள் தாமே அசைவதால் அதையும் வியக்கிறோம். பக்கத்தில் நிற்கும் வேம்பை வியப்பதில்லை. அதன் அசைவு நம் கண்ணுக்கு எட்டாத மெதுவானது. நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ் 1901ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தாவரங்கள் தூண்டுதலுக்கு விடையளிப்பதைக் கருவிகளால் காட்டினார். பின்னர் செடியின் வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்னும் கருவியையும் அமைத்தார். அவர் சொன்ன எல்லாவற்றையும் அறிவியலார் ஒப்பவில்லை. ஆயினும் மெதுவானது செயலற்றது ஆகாது என்பதைக் கண்ணாரக் காட்டியவர் அவர்.

இன்னும் மெதுவானது ஒன்று சொல்கிறேன். தென் பசிபிக் கடலடியில் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த சேற்றை எடுத்து, அதிலிருந்த நுண்ணுயிர்களுக்கு ஊட்டம் கொடுத்தார்கள். அவை விழித்து உண்டு பெருகின. 2020ஆம் ஆண்டில் அச்செய்தி வெளிவந்தது. ஊட்டம் கொடுக்கும் முன் அச்சேற்றைப் பார்த்தவர் யாரும் அதை உயிருள்ள இடம் என்று எளிதில் சொல்லியிருக்க மாட்டார். ஒருமுறை மூச்சு விட நூறாண்டு எடுத்துக்கொள்ளும் உயிர் ஒன்று வேறோர் உலகில் இருக்குமாயின், ஒரு மாதம் சோதித்துவிட்டுத் திரும்பும் நம் கருவிக்கு அது கல்லாகத்தானே தோன்றும்?

மேலும் எண்ணிப் பாருங்கள். சனிக்கோளின் துணைக்கோளாகிய டைட்டனில் 2005ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் ஹைகன்ஸ் என்னும் கலம் இறங்கியது. அங்கே குளிர் சுழியத்துக்குக் கீழ் 179 பாகை. தண்ணீர் அங்கே பாறை. மீத்தேன் மழையாகப் பெய்து ஆறாக ஓடி ஏரியாக நிற்கிறது. அங்கே உயிர் உண்டு என்பதற்குச் சான்று இல்லை. இருந்தால், நமக்கு எரிமலைக் குழம்பு எப்படியோ அதற்கு நம் குடிநீர் அப்படி இருக்கும். "நீரின்றி உயிர் இல்லை" என்று நாம் சொல்வது போலவே, "நீர் ஓடும் அந்த நெருப்புலகில் எப்படி உயிர் இருக்கும்?" என்று அவ்வுயிர் நம் பூமியைப் பற்றிச் சொல்லாதா? போலந்து நாட்டு எழுத்தாளர் ஸ்தானிஸ்லாவ் லெம், 1961ஆம் ஆண்டில் வெளிவந்த சோலாரிஸ் என்னும் புதினத்தில், ஓர் உலகத்துக் கடல் முழுவதையும் ஒரே உயிராகக் கற்பனை செய்தார். ஆராய வந்தவர்கள் பல தலைமுறை நூல் எழுதியும் அதனோடு ஒரு சொல் பேச முடியவில்லை. கற்பனைதான், ஆயினும் நம் அறியாமையைப் பற்றிய உண்மை அதில் இருக்கிறது.

காட்சி உதவாத இடத்தில் கருதல் உதவாதா என்று கேட்பீர்கள். புகையைக் கண்டு நெருப்பைக் கருதுவது போல, காற்றைக் கண்டு உயிரைக் கருதலாம் என்று ஜேம்ஸ் லவ்லாக் என்னும் ஆங்கில அறிஞர் 1965ஆம் ஆண்டிலேயே சொன்னார். பிராணவாயுவும் மீத்தேனும் ஒன்றையொன்று அழிப்பவை. இரண்டும் ஓருலகின் காற்றில் நெடுங்காலம் சேர்ந்திருந்தால், இரண்டையும் ஓயாமல் ஊட்டும் ஒன்று அங்கே இருக்க வேண்டும். 1990ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் கலிலியோ என்னும் கலம் வியாழனுக்குப் போகும் வழியில் நம் பூமியைக் கடந்தபோது, பூமியில் உயிர் உண்டா என்று அதைக் கொண்டே சோதித்தார்கள். அந்த இரண்டு வாயுக்களும், தாவரப் பச்சையின் அடையாளமும், வானொலி ஒலிபரப்பும் அதற்குப் புலப்பட்டன. படங்களிலோ நகரமும் வயலும் தெளிவாகத் தெரியவில்லை.

இதுவும் முழுமையான விடை ஆகாது. இப்பூமியில் ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகளாகவேனும் உயிர் இருக்கிறது. காற்றில் பிராணவாயு சேரத் தொடங்கியதோ ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன். இடைப்பட்ட நூறு கோடி ஆண்டுகளில் யாரேனும் வந்து பிராணவாயுவைத் தேடியிருந்தால், உயிர் நிறைந்த இவ்வுலகை வெற்றுலகம் என்று குறித்துக்கொண்டு போயிருப்பார். புகையின்றி எரியும் நெருப்பும் உண்டு என்பதைத் தருக்க நூலார் மறக்கவில்லை, நாமும் மறக்கலாகாது.

இவ்வளவும் சொன்னதால், எதைக் கண்டாலும் உயிர் என்று சொல்லிவிடலாம் என்று கொள்ளாதீர்கள். கயிற்றைப் பாம்பு என்று காண்பதும் பிழைதான். இத்தாலி நாட்டுச் சியாபரெல்லி 1877ஆம் ஆண்டில் செவ்வாயில் கோடுகளைக் கண்டதாகச் சொன்னார். அமெரிக்கச் செல்வர் பெர்சிவல் லோவல் 1894ஆம் ஆண்டில் அதற்கென்றே வானாய்வு நிலையம் அமைத்து, அவை அறிவுள்ள உயிர்கள் வெட்டிய கால்வாய்கள் என்று நூல்கள் எழுதினார். 1965ஆம் ஆண்டில் மாரினர் 4 அனுப்பிய படங்களில் கால்வாய் ஒன்றும் இல்லை. காண வேண்டும் என்ற ஆசையே கோடுகளை இணைத்துக் காட்டிவிட்டது. 1967ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்னும் ஆய்வு மாணவி, விண்ணிலிருந்து 1.33 நொடிக்கு ஒருமுறை தவறாமல் வரும் துடிப்பைக் கண்டார். வேற்றுலகத்தார் விடுத்த செய்தியோ என்ற ஐயம் எழுந்தது. அவர்கள் அவசரப்படவில்லை, வேறு திசையிலும் அத்தகைய துடிப்பைத் தேடிக் கண்டபின், இது விண்மீனின் இயல்பு என்று தெளிந்தார்கள். இல்லாததை உண்டு என்பதும் உள்ளதை இல்லை என்பதும் ஒரே நோயின் இரண்டு கூறுகள். இரண்டு இடத்திலும் நாம் பொருளைப் பார்க்கவில்லை, நம்மையே பார்க்கிறோம்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் தன்மையுடையது என்பது நம் சித்தாந்தம். இந்த உடலையும் இந்த உலகையும் சார்ந்து நின்ற நம் அறிவு, உயிர் என்றாலே இந்த வண்ணத்தில்தான் இருக்கும் என்று எண்ணுகிறது. ஆணவம் என்பது பிறரை இகழ்வது மட்டுமன்று. என் அளவே எல்லாவற்றுக்கும் அளவு என்று எண்ணுவதும் அதுவே.

இங்கே ஓர் எச்சரிக்கை. வைரஸும் ஆர்க்கியாவும் நம் நூல்களில் முன்பே சொல்லப்பட்டுள்ளன என்று பெருமை பேச நான் வரவில்லை. அப்படிப் பேசுவது நூலுக்கும் பெருமை அன்று, அறிவியலுக்கும் பெருமை அன்று. ஆயின் ஒன்று உண்மை. புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று உயிர்வரிசையிலே சேர்த்துத் தொடங்கியது தொல்காப்பியம். எண்ணிறந்த அண்டங்களை நினைந்து, அவற்றின் முன் தம்மைச் சிறியராக வைத்துப் பாடினார் மாணிக்கவாசகர். செய்தியை அவர்களிடம் தேட வேண்டாம். அந்த மனநிலையைக் கற்றுக்கொள்வோம்.

அடிகளாரை நினைக்கும்போது வைகைக்கரை நினைவுக்கு வராமல் போகாது. வந்தியின் கூலியாளாகப் பெருமான் மண் சுமக்க வந்தார். பாண்டியனும் பார்த்தான், காவலரும் பார்த்தனர். அடைக்க வேண்டிய கரையின் அளவுகோல் ஒன்றே அவர்கள் கையில் இருந்தது. அந்த அளவுகோலுக்குத் தெரிந்தது வேலை செய்யாத கூலியாள் மட்டுமே. பிரம்பு ஓங்கியது, அடி எல்லார் முதுகிலும் விழுந்தது. அறியாமல் ஓங்கிய பிரம்பு ஓங்கியவனையும் தாக்கும் என்பது அக்கதை.

அன்பர்களே, அறியாமல் பிரம்பு ஓங்காதிருக்க முயன்றவர்கள் நம் காலத்திலும் உண்டு. அதைச் சொல்லி முடிக்கிறேன். பூமியை நோக்கி உயிர் உண்டா என்று பார்த்த அதே கலிலியோ, வியாழனைச் சென்றடைந்து ஏழாண்டுகளுக்கு மேல் சுற்றியது. வியாழனின் துணைக்கோளாகிய யூரோப்பாவில், பனிக்கட்டிக்குக் கீழே பெருங்கடல் இருக்கிறது என்பதற்கு வலுவான சான்றுகளை அது அளித்தது. எரிபொருள் தீரும் காலம் வந்தது. அப்படியே விட்டால் என்றோ ஒரு நாள் அக்கலம் யூரோப்பாவின்மேல் விழக்கூடும். பூமியிலிருந்து அதனோடு ஒட்டிச் சென்ற நுண்ணுயிர் ஏதேனும் அக்கடலில் கலந்து, அங்குள்ள உயிருக்குக் கேடு செய்யக்கூடும். ஆகவே 2003ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் அதை வியாழனுக்குள்ளே செலுத்தி அழித்தார்கள். சனியைச் சுற்றிய கசினி என்னும் கலத்தையும், டைட்டனுக்கும் என்சலடஸ் என்னும் துணைக்கோளுக்கும் தீங்கு நேராதிருக்க, 2017ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் சனியின் காற்று மண்டலத்தில் எரியவிட்டார்கள்.

அந்தக் கடல்களில் உயிர் உண்டா? இன்றுவரை எவருக்கும் தெரியாது. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் யூரோப்பாவை நோக்கி மற்றொரு கலம் புறப்பட்டிருக்கிறது. 2030ஆம் ஆண்டில் சேரும் என்று எதிர்பார்க்கிறார்கள். உண்டா இல்லையா என்றே தெரியாத ஓர் உயிருக்காக, உண்டென்றாலும் கண்டால் அடையாளம் தெரியுமா என்பதும் தெரியாத ஓர் உயிருக்காக, பல்லாண்டு உழைத்துச் செய்த கலத்தைத் தம் கையாலேயே எரித்தார்கள். கண்ட உயிரைக் கொல்லாதிருப்பது அறம். காணாத உயிருக்கும் அஞ்சி நடப்பதை என்னவென்று சொல்வது? "இல்லை என்று கண்டாயா, அல்லது நீ காணவில்லையா?" என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டவர்கள்தான் அப்படிச் செய்ய முடியும்.

விண்ணுக்குக் கலம் அனுப்பும் பொறுப்பு நம்மிடம் இல்லை. ஆனால் நாள்தோறும் நாம் "இல்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். இவனுக்கு அறிவில்லை, அவளுக்கு உணர்வில்லை, அந்த மாட்டுக்கு வலியில்லை, அந்த மரத்துக்கு ஒன்றுமில்லை என்கிறோம். அப்படிச் சொல்லுமுன் மூன்று கேள்விகளைக் கேட்போம். விளக்கு எரிகிறதா? தேடும் பொருள் இன்னது என்று எனக்குத் தெரியுமா? அது என் கண்ணுக்குப் புலப்படும் தன்மையுடையதுதானா? மூன்றுக்கும் ஆம் என்று சொல்ல முடியாவிட்டால், "நான் காணவில்லை" என்று மட்டும் சொல்வோம். அது உண்மையாகவும் இருக்கும். யாரையும் புண்படுத்தவும் செய்யாது.

அந்தச் சிறுவன் இன்று இக்கூட்டத்தில் இருக்கிறானோ, நான் அறியேன். வளர்ந்திருப்பான், எனக்கு அடையாளமும் தெரியாமற் போகலாம். இருப்பானாயின் அவனுக்கு என் விடை இதுதான்: தம்பி, அவர்கள் இல்லை என்று கண்டுபிடிக்கவில்லை, அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நான் அன்று சொன்னது தவறு. கேட்டதற்கு நன்றி.

 எவ்வுலகத்து எவ்வுயிரும் இன்புற்றிருக்க எல்லாம் வல்ல பெருமான் திருவருள் முன்னிற்பதாகுக.

திருச்சிற்றம்பலம்.